வண்டியில் கட்டும் பட்டைத் தாங்கிக்குக் காப்புரிமை கிடைக்குமா?

அன்னவாசல் வட்டாரத்தில் மானாவாரியாக நிலக்கடலையும், கண்மாய்த் தண்ணீரில் நெல்லும், கிணற்றடியில் கொஞ்சம் காய்கறியும் சாகுபடி செய்யும் விவசாயிகள் பலரிடம் இன்று மொபெட் இருக்கிறது. விதை மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு, மருந்து தெளிக்கும் கருவி எல்லாம் அதில்தான் போய் வருகின்றன. கடையில் வாங்கிய நிலையிலேயே வண்டியை வைத்திருப்பவர் மிகச் சிலரே. ஒருவர் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக் கட்டுகிறார். இன்னொருவர் பட்டறையில் கொடுத்து இரும்புக் கம்பியைப் பற்றவைத்துக்கொள்கிறார்.

சென்ற மாதம் இலுப்பூர் சாலையில் ஒரு விவசாயி என்னை நிறுத்தித் தம் மொபெட்டைக் காட்டினார். 16 லிட்டர் பேட்டரித் தெளிப்பான் ஒன்று வண்டியின் பக்கவாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பற்றவைப்பு இல்லை. பிரேமில் ஓட்டை போடவும் இல்லை. ஒரு தகடு, அதன் அடியில் ரப்பர், பிரேம் குழாயைச் சுற்றி இரண்டு நைலான் பட்டைகள், அவ்வளவுதான். வேண்டும்போது கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். இதைப் போல ஆறு செய்து பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கு விற்றிருக்கிறார். இப்போது வேறொரு பட்டறையில் இதையே பார்த்துச் செய்யத் தொடங்கிவிட்டார்களாம்.

“ஐயா, இதுக்குப் பேட்டண்டு வாங்கலாங்களா? ஒருத்தர் முப்பதாயிரம் ரூவா கட்டுனா வாங்கித் தர்றேங்கிறாரு. வீட்டு நகையை வச்சுடலாமான்னு யோசிக்கிறேன்” என்றார்.

அவருக்குச் சொன்ன விவரங்கள் மற்ற விவசாயப் பெருமக்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன். வண்டியின் ‘சட்டம்’ என்று எழுதினால் அரசாங்கச் சட்டத்தோடு குழப்பம் வரும். ஆகவே இக்கட்டுரை முழுவதும் ‘பிரேம்’ என்றே எழுதியுள்ளேன்.

காப்புரிமை என்றால் என்ன?

பேட்டண்ட் எனப்படும் காப்புரிமையை நம் நாட்டில் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி வழங்குகிறார்கள். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை, உங்கள் அனுமதியின்றிப் பிறர் அப்பொருளைச் செய்யவும் விற்கவும் கூடாது என்று தடுக்கும் உரிமை அது. தரச் சான்று என்று அதை நினைக்கக் கூடாது. சாலையில் ஓட்ட அனுமதியும் ஆகாது. வண்டியின் அமைப்பைப் பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாகத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. காப்புரிமை வாங்கிவிட்டதால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடாது. (இடையில் ஒரு வார்த்தை: மருந்து கலந்த தெளிப்பானை நிரப்பியபடி வண்டியில் ஏற்றாதீர்கள். வெறும் கருவியைக் கொண்டுபோய் வயலில் கலந்துகொள்ளுங்கள். குலுங்கி வழியும் மருந்து தொடையில்தான் விழும்.)

காப்புரிமை பெற மூன்று தேர்வுகள் உண்டு. பொருள் புதிதாக இருக்க வேண்டும். அத்தொழில் தெரிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடாத ஒரு படி அதில் இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். பட்டைத் தாங்கி மூன்றாவதில் சுலபமாகத் தேறிவிடும். முதல் இரண்டில்தான் சிக்கல்.

பட்டை பழையது

ஒரு பொருளை இன்னொன்றோடு கயிற்றாலும் வாராலும் பிணைப்பது உழவனுக்குப் புதிதா? ஏர்க்காலையும் நுகத்தடியையும் வடக்கயிற்றால் பிணைத்துத்தானே நம் முன்னோர் உழுதார்கள்? இரும்பு ஆணியின்றி, வேண்டும்போது அவிழ்க்கும்படி, குலுங்கினாலும் நழுவாதபடி கட்டும் வித்தை அது. ஆகவே ‘வண்டியின் பிரேமில் பட்டையால் கட்டும் தாங்கி’ என்று மட்டும் எழுதி விண்ணப்பித்தால் காப்புரிமை கிடைக்காது. பட்டைக்கு அடியில் ரப்பர் வைப்பதும் பழையது. உருண்டைக் குழாயில் சுழலாதிருக்க ஆங்கில ‘வி’ வடிவத்தில் தகட்டை மடிப்பதும், இரண்டு பட்டைகளை இடைவெளி விட்டுக் கட்டுவதும் பட்டறைக்காரர் எவருக்கும் தோன்றக்கூடியவையே.

அப்படியானால் பட்டையில் எதற்குமே காப்புரிமை கிடைத்ததில்லையா என்றால், கிடைத்திருக்கிறது. மோட்டார் பம்பில் ரப்பர் ஹோஸை இறுக்க, திருப்புளியால் முறுக்கும் ஒரு இரும்புப் பட்டை போடுகிறோமே, அந்த ஹோஸ் கிளிப்பையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற லம்லி ராபின்சன் என்பவருக்கு 1921இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. குழாயைச் சுற்றிப் பட்டை போடுவது அவர் கண்டுபிடிப்பு அல்ல. பட்டையில் வரிசையாகப் பள்ளங்கள் வெட்டி, அவற்றில் ஒரு திருகின் மரை கடித்து, திருகத் திருகப் பட்டை இழுபடும்படி செய்தாரே, அதுதான் புதுமை. பட்டறைகளில் ‘டை’ என்று சொல்லும் பிளாஸ்டிக் பற்பட்டையை அமெரிக்காவில் 1958இல் மாரஸ் லோகன் என்பவர் உருவாக்கினார். அங்கும் பட்டை பழையது. ஒரு பக்கம் மட்டும் நகரவிட்டு மறுபக்கம் பிடித்துக்கொள்ளும் பல்தான் புதிது. நாயுருவி விதை வேட்டியில் ஒட்டுவது போல ஒட்டும் வெல்க்ரோ நாடாவும் இதே கதைதான். சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1950களில் அதற்குக் காப்புரிமை பெற்றார். நாடாவைக் கண்டுபிடித்தவர் அவரல்லர்.

எனவே உங்கள் தாங்கியில் பட்டையைத் தேடாதீர்கள். பட்டை செய்ய முடியாத எதைச் செய்ய அதில் ஒரு உறுப்பைச் சேர்த்தீர்கள் என்று தேடுங்கள்.

கூட்டிக் கட்டினால் போதாது

நம் சட்டத்தின் 3ஆம் பிரிவு, எவை கண்டுபிடிப்பு ஆகமாட்டா என்று பட்டியல் இடுகிறது. அதில் ‘எஃப்’ உட்பிரிவு இங்கே முக்கியம். தெரிந்த கருவிகளை வெறுமனே சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் முன்பு செய்த வேலையையே தனித்தனியே செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. வாளியில் டார்ச் விளக்கைப் பொருத்துவதும், ஒரே பெட்டியில் கடிகாரத்தையும் ரேடியோவையும் வைப்பதும் இதற்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணங்கள். மொபெட் ஓடுகிறது, தெளிப்பான் தெளிக்கிறது, பட்டை பிடிக்கிறது என்ற அளவோடு நின்றால் அதுவும் வாளியும் டார்ச்சும்தான்.

அதே பிரிவின் ‘எச்’ உட்பிரிவின்படி வேளாண்மை முறைக்கும் தோட்டக்கலை முறைக்கும் காப்புரிமை இல்லை. ‘மொபெட்டில் வைத்து இப்படித் தெளிக்கும் முறை’ என்று எழுதினால் அங்கேயே நின்றுவிடும். கருவிக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே கருவியைப் பற்றி எழுத வேண்டும்.

இரண்டாவது தேர்வில் நம் உச்ச நீதிமன்றம் எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு மிர்சாப்பூர் வழக்கு ஒன்று போதும். உத்தரப் பிரதேசத்தில் உள்ள மிர்சாப்பூர் பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். பாத்திரத்தைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துச் சுரண்டி மெருகேற்றும்போது அது நழுவித் தெறிக்காதபடி பிடித்துக்கொள்ளும் ஓர் அமைப்புக்கு அவ்வூர் நிறுவனம் ஒன்று 1951 முதல் செல்லும் காப்புரிமை பெற்றது. வேறொருவர் அதே போலச் செய்தார் என்று 1950களில் தொடங்கிய வழக்கு, பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போய் 1978 டிசம்பரில் முடிந்தது. பழைய எந்திரத்தில் முன்பே இருந்த பிடிப்பைச் சற்று மாற்றிப் பாத்திர வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், நல்ல கைவினைஞர் எவருக்கும் எட்டக்கூடிய பட்டறைத் திருத்தம்தான் இது என்று நீதிமன்றம் கூறிக் காப்புரிமையை ரத்துச் செய்தது. காப்புரிமை அலுவலகம் தந்துவிட்டாலேயே அது செல்லுபடியாகும் என்று உறுதி இல்லை என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. கால் நூற்றாண்டு நடந்த வழக்கு! பிடிப்புக் கருவிகளுக்குக் காப்புரிமை கேட்போர் இதை மறக்கக் கூடாது.

வெளிநாட்டிலும் இதே நிலைதான். காரின் ஆக்சிலரேட்டர் மிதியில், முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய வகை ஒன்று உண்டு. அதன் அசையாத தாங்கியில் மின்னணு உணர்வி ஒன்றைப் பொருத்தியதற்கு அமெரிக்காவில் காப்புரிமை தந்திருந்தார்கள். மிதியும் தெரிந்தது, உணர்வியும் தெரிந்தது, இன்ன இடத்தில் பொருத்தலாம் என்பது அத்தொழிலாளிக்குத் தானே தோன்றும் என்று 2007இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. வண்டியில் ஒரு துணைக்கருவியைப் பொருத்தும் விஷயத்துக்கு இதைவிட நெருங்கிய வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

விவசாயி ஒருவர் பெற்ற காப்புரிமை

இதையெல்லாம் கேட்டு மனம் தளர வேண்டாம். குஜராத்தில் அம்ரேலி மாவட்டத்து மோட்டா தேவலியா கிராமத்தைச் சேர்ந்த மன்சுக்பாய் ஜகானி, நம்மைப் போலவே வறட்சி மாவட்டத்துக்காரர். மாடு வைத்துக் கட்டுப்படியாகாத காலத்தில், என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சக்கரங்களும் உழுகருவிகள் பூட்டும் அமைப்பும் கொண்ட ஓர் இணைப்பைப் பொருத்தினார். உழவு, களையெடுப்பு, விதைப்பு என்று அதில் பல வேலை நடந்தது. ‘புல்லட் சாந்தி’ என்ற அக்கருவிக்கு இந்தியாவிலும், 2005இல் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் கலப்பை கட்டலாம் என்ற எண்ணத்துக்கு யாரும் காப்புரிமை தரமாட்டார்கள். எந்த உறுப்பு எங்கே சேர்ந்து என்ன செய்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். வண்டியும் இணைப்பும் சேர்ந்து, இரண்டும் தனித்தனியே செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்தன.

ஜகானிக்குத் துணை நின்ற நேஷனல் இன்னொவேஷன் பவுண்டேஷன் 2000ஆம் ஆண்டில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் தொடங்கியது. குஜராத்தில் இயங்குகிறது. பட்டப்படிப்பும் ஆய்வுக்கூடமும் இல்லாமல் தம் அறிவால் கருவி கண்டுபிடிக்கும் விவசாயிகள், கைவினைஞர்களின் விண்ணப்பங்களைத் தேர்ந்தெடுத்துக் காப்புரிமைக்கு உதவுகிறது. கட்டணத்துக்காக நகையை அடகு வைப்பதற்கு முன் அங்கே ஒரு கடிதம் எழுதிப் பார்ப்பதே முறை.

விற்ற பிறகு கேட்பது

அன்னவாசல் விவசாயியின் உண்மையான இடர் வேறு. ஆறு பேருக்கு விற்றுவிட்டார். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே நாட்டில் வெளிப்படையாக விற்பனைக்கு வந்துவிட்ட பொருள் சட்டத்தின் கண்ணில் புதியதல்ல. தாமே விற்றதாயினும் சரி. பத்திரிகையில் படத்தோடு வந்தாலும், மகன் கைபேசியில் எடுத்த காணொளியை ஊருக்கெல்லாம் அனுப்பினாலும் அதே கதிதான். பலர் கண் முன்னால்தான் சோதிக்க முடியும் என்ற இயல்புள்ள கருவியை, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நியாயமான அளவில் சோதித்துப் பார்த்திருந்தால் 32ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் காசு வாங்கி விற்றதைச் சோதனை என்று சொல்ல முடியாது.

ஆகவே அவருடைய பழைய தாங்கிக்குக் காப்புரிமை இல்லை என்று சொல்ல நேர்ந்தது. முகம் வாடிவிட்டது. சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, வீட்டுக்குள் போய் இன்னொன்றை எடுத்துவந்தார். பட்டை மழையில் நனைந்து நீண்டு, குண்டும் குழியுமான பாதையில் நாலு நாளில் தளர்ந்துவிடுகிறது என்று வாங்கியவர்கள் குறை சொன்னார்களாம். நைலானுக்கு அந்தக் குணம் உண்டு, பாலியெஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது. ஆனால் அவர் பட்டையை மாற்றவில்லை. பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு சிறு துண்டைச் சேர்த்திருக்கிறார். இரண்டு மாதமாகத் தம் காட்டு வழியிலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார். தளரவில்லை என்கிறார். இதை யாருக்கும் விற்கவில்லை.

அந்தத் துண்டு எப்படிப்பட்டது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்தப் பத்திரிகையே நாளை அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்! கேட்கத்தக்கது அதுதான். கிடைக்குமா என்பதை உலகம் முழுவதும் உள்ள பழைய காப்புரிமை ஏடுகளைத் தேடிய பிறகே சொல்ல முடியும். இன்று அவற்றை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு மாலை உட்கார்ந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். இதே துண்டு ஏதோ ஒரு ஜப்பானிய சைக்கிள் விளக்கில் முன்பே இருந்தாலும் இருக்கலாம். அப்படி இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு காசை மிச்சப்படுத்தலாம்.

அவரிடம் நான் கேட்ட இன்னொரு கேள்வி: “இந்த யோசனை உங்களுடையதா, வெல்டிங் பட்டறைக்காரருடையதா?” வளைத்துக் கொடுத்தது மட்டும் பட்டறைக்காரர் என்றால் அவர் கூலி வாங்கியதோடு சரி. ‘இப்படி வைத்தால் தளராது’ என்று சொன்னது அவரென்றால், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரும் வர வேண்டும். மறைத்தால் பின்னால் காப்புரிமையே ரத்தாகலாம், நட்பும் கெடும். வேலைக்குக் கொடுக்கும்போது, வெளியே சொல்வதில்லை என்று ஒரு வெள்ளைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது.

செலவு எவ்வளவு?

கண்டுபிடிப்பு முழுமை பெறுமுன்பே தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து நாளைப் பதிந்துகொள்ளலாம். அன்று முதல் 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தர வேண்டும். இணையவழி விண்ணப்பிக்கும் தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய், காகிதத்தில் கொடுத்தால் 1,750 ரூபாய். பிறகு, ஆய்வு செய்யுங்கள் என்று தனியே கேட்க வேண்டும். அதற்கு இணையவழி 4,000 ரூபாய். 2024இல் விதி மாறிய பிறகு, புதிய விண்ணப்பங்களுக்கு 31 மாதத்துக்குள் இதைக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் விண்ணப்பம் கைவிட்டதாகக் கருதப்படும். காப்புரிமை கிடைத்தால் மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம். பின்னர் படிப்படியாக ஏறும்.

ஆக, அரசுக் கட்டணம் தொடக்கத்தில் ஆறாயிரத்துக்குள் அடங்கும். மீதியெல்லாம் எழுதிக் கொடுப்பவரின் கூலி. அக்கூலி அநியாயம் என்று சொல்ல மாட்டேன், நன்றாக எழுதுவது கடினமான வேலை. ஆனால் வாங்கித் தருகிறேன் என்று உறுதி சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். அந்த உறுதியை எவராலும் தர முடியாது. விவரக்குறிப்பை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் தர வேண்டும் என்பது விதி. தமிழில் சிந்தித்துத் தமிழில் பட்டறை நடத்துகிறவர் இன்னொருவரை நம்பியே தீர வேண்டியிருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விவரக்குறிப்பின் உயிர் உரிமைக் கோரிக்கை என்ற பகுதியில் இருக்கிறது. ‘வண்டியில் சாமான் கட்டும் பட்டைத் தாங்கி’ என்று அகலமாக எழுதினால் பழையது என்று தள்ளிவிடுவார்கள். ‘நாலு அங்குலத் தகடு, பச்சை நைலான் பட்டை, மொபெட்’ என்று மிகக் குறுகலாக எழுதினால், அடுத்தவர் ஐந்து அங்குலத் தகட்டில் செய்து விற்பார். முதலில் பழைய உறுப்புகளைச் சொல்லி, ‘இதில் புதுமை யாதெனில்’ என்று தொடங்கி, அந்தத் துண்டு எதைத் தொட்டு எப்படி வேலை செய்கிறது என்று எழுத வேண்டும். மொபெட் என்று கட்டிப்போடாமல், குழாய்ப் பிரேம் உள்ள எந்த வண்டிக்கும் பொருந்தும்படி எழுதலாம்.

ஜெர்மனியில் 1891 முதல் ‘சிறு காப்புரிமை’ என்று சொல்லத்தக்க ஒரு ஏற்பாடு உண்டு. சீனாவிலும் பத்தாண்டு காலத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறது. சிறு கருவித் திருத்தங்களுக்கு அது பொருத்தமானது. நம் நாட்டில் அது இல்லை. இருந்திருந்தால் நம் பட்டறைகளில் பிறக்கும் பாதிக் கருவிகளுக்கு ஒரு பாதுகாப்பு இருந்திருக்கும் என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி தோற்றத்தைப் பதியலாம். பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் செல்லும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைத்தான் காக்கும், வேலை செய்யும் விதத்தைக் காக்காது.

நம் விவசாயிக்கு நான் சொன்ன யோசனை இதுதான். நகை வீட்டிலேயே இருக்கட்டும். பழைய தாங்கியை, தம் பெயர் பொறித்து, நல்ல பட்டை போட்டு, வருகிற விலைக்கு விற்கட்டும். அடுத்த பட்டறைக்காரரோடு சண்டை வேண்டாம். புதிய துண்டுக்கு மட்டும் தேடிப் பார்த்து, இல்லையென்று தெரிந்தால் தற்காலிக விண்ணப்பம் போடட்டும். அது பதிவாகும் வரை அந்த வண்டியை உழவர் கூட்டத்துக்கும் சந்தைக்கும் கொண்டுபோக வேண்டாம் என்றேன். “அதுவரைக்கும் சாக்கைப் போட்டு மூடி வச்சிர்றேங்கய்யா” என்றார்.

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை, கிண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். தேடுவதற்கு உதவி வேண்டுவோர் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தை அணுகலாம். போகும்போது கருவியின் படத்தையும், எந்தத் தேதியில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று எழுதிய நோட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.